ராபின்சன் பூங்கா முதல் கோட்டை வரை: 1967 கூட்டணியின் கணக்கு

1967 தேர்தலைப் பற்றி நம்ம எல்லாரிடமும் ஒரு கதை இருக்கிறது. 1965இல் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, மக்கள் கொதித்தார்கள், இரண்டே வருஷத்தில் காங்கிரசைத் தூக்கி எறிந்தார்கள். மேடையில் சொல்ல நல்ல கதைதான். ஆனால் வாக்குக் கணக்கைக் கையில் எடுத்தால் கதை கொஞ்சம் தடுமாறும்.

அந்தத் தேர்தலில் சென்னை மாநிலத்தில் அதிக வாக்கு வாங்கிய கட்சி காங்கிரஸ். 41.1 சதவீதம். தி.மு.க. வாங்கியது 40.7. ஆனால் சட்டமன்றத்தின் 234 இடங்களில் தி.மு.க.வுக்கு 137, காங்கிரசுக்கு 51. மக்களவையில் இன்னும் மோசம்: 39 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது வெறும் 3.

ஐந்து வருஷம் முன்னாடி, 1962இல், காங்கிரஸ் வாங்கியது 46 சதவீதம். இடங்கள் 206இல் 139. அதாவது பெரும் கிளர்ச்சி, அரிசிப் பஞ்சம், இத்தனை உயிர்ப்பலி எல்லாம் சேர்ந்து காங்கிரசிடமிருந்து பறித்தது ஐந்து சதவீத வாக்கு. மீதி வேலையைச் செய்தது கூட்டணி. 1962லேயே பாதிக்கும் மேற்பட்டவர்கள் காங்கிரசுக்கு எதிராகத்தான் வாக்களித்திருந்தார்கள், ஆனால் சிதறி வாக்களித்தார்கள். 1967இல் அந்தச் சிதறல் நின்றது. காங்கிரஸ் 232 தொகுதிகளில் நின்றது, தி.மு.க. 174இல் மட்டும். மீதியைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது.

அப்படியானால் கிளர்ச்சி எதைச் சாதித்தது, கூட்டணி எதைச் சாதித்தது, ஆட்சி யார் கைக்குப் போனது? இதைப் பேச வடசென்னையைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

கொடிகள் முன்பே இருந்த ஊர்

1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்தது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். இன்றைக்கு அது அறிஞர் அண்ணா பூங்கா. கட்சி பிறந்த இடம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அந்தக் கட்சி பிறப்பதற்கு முப்பது வருஷம் முன்பே இந்தப் பகுதி அரசியல் படித்திருந்தது என்பதை அதிகம் சொல்வதில்லை.

இந்தியாவின் ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம், பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918இல் உருவானது. 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். துறைமுகம், ரயில்வே, பஞ்சாலை, கூடவே மீனவர் குப்பங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு என்று ஆலைகள் பெருகின.

1957 பொதுத்தேர்தலில் வடசென்னை யாரை மக்களவைக்கு அனுப்பியது தெரியுமா? காங்கிரஸ்காரரை இல்லை, திராவிட இயக்கத்தவரையும் இல்லை. எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளையை. இலங்கைத் தமிழர், ட்ராட்ஸ்கியவாதி, 1947 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின் தலைவர். சுயேச்சையாக நின்று ஜெயித்தார். தொழிலாளர்கள் தங்கள் சங்கத் தலைவரையே நேராகப் பாராளுமன்றத்துக்கு அனுப்ப முடிந்த காலம் அது.

1962இல் அதே தொகுதி காங்கிரசுக்குப் போனது. 1967இல் தி.மு.க.வின் நாஞ்சில் கி. மனோகரனுக்கு. பத்து வருஷத்தில் மூன்று தேர்தல், மூன்று நிறம்.

தெரு

1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகும் என்ற ஏற்பாட்டை எதிர்த்துக் கல்லூரிகள் கொதித்தன. சென்னையில் மாணவர்கள் நேப்பியர் பூங்காவிலிருந்து கோட்டை நோக்கி ஊர்வலம் போனார்கள். கோடம்பாக்கம் சிவலிங்கம், விருகம்பாக்கம் அரங்கநாதன் தீக்குளித்தார்கள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் ராஜினாமா கொடுத்தார்கள். அன்றிரவே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசினார்: ஆங்கிலம் தொடரும்.

இதைப் புரட்சி என்று சொல்லலாமா? அரசு கவிழவில்லை. முதல்வர் பக்தவத்சலம் இன்னும் இரண்டு வருஷம் நாற்காலியில்தான் இருந்தார். ஆனால் ஒரு தலைமுறைக்குக் காங்கிரசோடு இருந்த உறவு அந்த வாரங்களில் முறிந்தது. அடுத்து அரிசித் தட்டுப்பாடு வந்தது. மொழிக்காகத் தெருவுக்கு வராத வீட்டுக்குள்ளும் அரசியல் அடுப்படி வழியாக நுழைந்தது. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. சொன்னபோது, மொழிக் கோபமும் பசியும் ஒரே முழக்கத்தில் வந்து சேர்ந்தன.

மூலக்கொத்தளத்தைக் கடந்து

ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே மூலக்கொத்தளம் இடுகாடு. அங்கேதான் நடராசன், தாளமுத்து நினைவிடம் இருக்கிறது. முதல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறைத்தண்டனையில் இருந்தபோதே 1939இல் இறந்தவர்கள். அவர்களைச் சிறையில் வைத்த அரசின் முதல்வர் யார்? ராஜாஜி.

1967 கூட்டணியில் தி.மு.க.வின் முக்கியமான தோழர் யார்? அதே ராஜாஜி.

நடுவில் 1952 வேறு இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் வந்த முதல் தேர்தலிலேயே காங்கிரஸ் இங்கே பெரும்பான்மை இழந்தது. 375க்கு 152தான். பிரகாசம் தலைமையில் கம்யூனிஸ்டுகளும் மற்றவர்களும் ஒரு முன்னணி கட்டி, எங்களிடம் 166 பேர் இருக்கிறார்கள் என்றார்கள். ஆளுநர் அழைத்ததோ ராஜாஜியை. ராஜாஜி சின்னக் கட்சிகளையும் சுயேச்சைகளையும் இழுத்து ஆட்சி அமைத்தார். கம்யூனிஸ்டுகள்தான் என் முதல் எதிரி என்று வெளிப்படையாகவே அறிவித்தார். தேர்தலுக்கு முன்னாடியே கைகோக்காத முன்னணி முடிவுகள் வந்தபிறகு உடையும் என்பதை அன்றைக்கு அவர் காட்டிக்கொடுத்தார்.

பதினைந்து வருஷம் கழித்து, அவருடைய சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் ஒரே அணியில். கூடவே முஸ்லிம் லீக், பிரஜா சோஷலிஸ்ட், சம்யுக்த சோஷலிஸ்ட், ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம், சி.பா. ஆதித்தனாரின் நாம் தமிழர். ஒருவர் முதலாளிக்குக் கட்டுப்பாடே கூடாது என்பவர், இன்னொருவர் முதலாளியே கூடாது என்பவர். பெரியாரோ எதிர்ப்பக்கத்தில், காமராஜருக்காகப் பிரச்சாரம் செய்துகொண்டிருந்தார்.

இதைச் சந்தர்ப்பவாதம் என்று அன்றைக்கே காங்கிரஸ் கிண்டலடித்தது. ஆனால் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் வருஷக்கணக்கான வேலை இருந்தது. 1959 சென்னை மாநகராட்சித் தேர்தலில் தி.மு.க. ஜெயித்தது 100க்கு 45 இடங்கள். மற்றவர்கள் ஆதரவோடுதான் அ.பொ. அரசு மேயரானார். தனிப்பெரும் கட்சி என்பது போதாது என்ற பாடத்தை அண்ணா அங்கேயே படித்துவிட்டார். 1963இல் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டதும், தி.மு.க.வோடு சேரத் தயங்கிய கட்சிகளுக்கு இருந்த பெரிய தடை விலகியது. யாரும் யாருடைய கொள்கையையும் ஏற்கத் தேவையில்லை, ஒரு தொகுதிக்கு ஒரு எதிர்வேட்பாளர் போதும் என்பதே அந்த அணியை இணைத்த நூல்.

விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தவர் 1965 மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன். வித்தியாசம் 1,285 வாக்கு. அந்த ஒரு முடிவைப் பிரித்துப் பாருங்க: வேட்பாளரைக் கொடுத்தது கிளர்ச்சி. இவ்வளவு மெல்லிய வித்தியாசத்தில், எதிர்ப்பு வாக்கைச் சிதறாமல் வைத்திருந்த கூட்டணி இல்லாமல் வெற்றி சாத்தியமா?

வெற்றி எண்ணப்பட்ட பிறகு

137 இடங்கள் கிடைத்ததும் ஒரு விஷயம் சத்தமில்லாமல் முடிந்துபோனது. ஆட்சி அமைக்க யாருடைய தயவும் தேவைப்படவில்லை. 1967 மார்ச் 6 அன்று பதவியேற்ற அண்ணா அமைச்சரவையில் ஒன்பது பேர், எல்லாரும் தி.மு.க. ஆதித்தனார் சபாநாயகர் ஆனார். 20 இடங்கள் ஜெயித்த சுதந்திராவும் 11 இடங்கள் ஜெயித்த மார்க்சிஸ்டும் வெளியே உட்கார்ந்தன.

அதே வருஷம் பீகார், உத்தரப் பிரதேசம், ஹரியானா, வங்காளம் எல்லாம் பல கட்சி அமைச்சரவை அமைத்து, மாதக்கணக்கில் கவிழ்ந்தன. அதை நினைத்தால் தமிழ்நாடு தப்பித்தது என்றுதான் சொல்லணும். ரூபாய்க்கு ஒரு படி அரிசி சென்னையிலும் கோவையிலும் வந்தது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டத் தீர்மானம் வந்தது. 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கை வந்தது. தெருவில் கேட்டது சட்டமானது.

ஆனால் நிலைத்த ஆட்சிக்கு ஒரு விலை இருந்தது. 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்ட செங்கொடிச் சங்கத்து தலித் விவசாயத் தொழிலாளர்கள் வாழ்ந்த சேரியில், ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அந்தத் தொழிலாளர்களின் கட்சி ஆளும் கட்சியின் தேர்தல் தோழன். அமைச்சரவை மேசையில் அவர்களுக்கு ஒரு நாற்காலி இருந்திருந்தால் தஞ்சை மிராசுதார்களும் போலீசும் வேறுமாதிரி நடந்திருப்பார்களா என்ற கேள்விக்கு விடை கிடையாது. நாற்காலி இல்லை என்பது மட்டும் உண்மை.

1971இல் எல்லாம் தலைகீழ். தி.மு.க. இந்திரா காங்கிரசோடு. ராஜாஜி காமராஜரோடு. மார்க்சிஸ்ட் தனியாக நின்று ஒரு இடமும் வாங்கவில்லை. தி.மு.க.வுக்கு 184. கூட்டணி ஜெயிப்பதற்கு, ஆள்வதற்கு ஒரு கட்சி என்ற வழக்கம் 1967இல் உருவாகி வேரூன்றியது. 2006இல் தி.மு.க.வுக்கு 96 இடங்களே இருந்தும், காங்கிரசும் பா.ம.க.வும் இடதுசாரிகளும் வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்க, அமைச்சர்கள் எல்லாரும் ஒரே கட்சிதான்.

நம் காலத்திலும் இந்த இடைவெளியைப் பார்த்துவிட்டோம். 2022இல் கொழும்பு காலிமுகத்திடலில் கூடியவர்கள் ஜனாதிபதி கோட்டாபயவை ஓடவைத்தார்கள். பதவிக்கு வந்ததோ, பாராளுமன்றத்தில் தன் கட்சிக்கு ஒரே இடம் வைத்திருந்த ரணில். தெருவின் கோபம் வாக்காக மாற 2024 வரை ஆனது. மூன்று இடங்கள் வைத்திருந்த தேசிய மக்கள் சக்தி அப்போது 225க்கு 159 பிடித்தது. அதுவும் பல அமைப்புகள் சேர்ந்த கூட்டணிதான், நடுவில் ஜே.வி.பி. 1965க்கும் 1967க்கும் நடுவே ஓடியதும் அதே இரண்டு வருஷம்.

ஆலை வாசல்

வடசென்னைக்கு என்ன கிடைத்தது? அரிசி, மொழி, கோட்டையில் தன் குரலில் பேசும் ஆட்கள். இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. போனதும் ஒன்று உண்டு. 1970 மே மாதத்தில் தி.மு.க.வின் தொ.மு.ச. உருவானது, அதே மாதத்தில் மார்க்சிஸ்டுகளின் சி.ஐ.டி.யு.வும். ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி. முன்பே இருந்தன. 1972க்குப் பிறகு அ.தி.மு.க.வுக்கும் ஒரு சங்கம் வந்தது. கட்சிக்கு ஒரு சங்கம் என்று ஆனபிறகு, ஒரு தொழிற்சங்கத் தலைவரைக் கட்சி இல்லாமல் டெல்லிக்கு அனுப்பிய 1957 மாதிரியான தேர்தல் இந்தப் பகுதிக்குத் திரும்ப வரவில்லை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எண்ணூர் பக்கம் போனால் ஆலை வாசல்களில் கொடிக்கம்பங்கள் வரிசையாக நிற்கும். நிறம் வேற வேற. அந்த நிறங்கள் தேர்தலுக்குத் தேர்தல் ஒரே மேடையில் ஏறி இறங்கியிருக்கின்றன. வாசலில் மட்டும், ஷிப்ட் முடிந்து வருகிற ஒரே கூட்டம் இத்தனை கம்பங்களைக் கடந்து, தனித்தனியாகத்தான் பஸ் ஏறுகிறது.