எர்த் கம்பியின் வரலாறு

மோட்டார்ப் பட்டறையில் வேலை பழகச் செல்லும் இளைஞன் தொடக்கத்திலேயே கற்கும் விதி ஒன்றுண்டு. பாட்டரியைக் கழற்றும்போது எர்த் கம்பியை முதலில் எடுக்க வேண்டும்; மாட்டும்போது அதனையே இறுதியில் மாட்ட வேண்டும் என்பதே அது. இவ்வொழுங்கு ஏன்? விடை காண, இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

1800ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா, தாம் அமைத்த மின்னடுக்கைப் பற்றி இலண்டன் ராயல் சங்கத்திற்குக் கடிதம் எழுதினார். இடையறாத மின்னோட்டம் மனிதன் கைக்கு வந்தது. செய்தியறிந்த நிக்கல்சன், கார்லைல் என்னும் ஆங்கிலேயர் இருவர், அவ்வாண்டிலேயே அத்தகைய மின்னோட்டத்தை நீரினுள் செலுத்தினர். நீர், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்னும் இரு வாயுக்களாகப் பிரிந்தது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்க ஈயக் கலத்தை 1859இல் பிரெஞ்சு அறிஞர் பிளாண்டே அமைத்தார். ஈயத் தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலமுமே அதன் உறுப்புகள். ஆயினும், தொடக்க காலப் பெட்ரோல் வண்டிகளைக் கைப்பிடியைச் சுழற்றியே கிளப்பினர். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை முறிவதும் உண்டு. 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் கெட்டரிங் வகுத்த மின்சார ஸ்டார்ட்டர் இடம்பெற்றது. அதன்பின் பாட்டரி மோட்டார் வண்டியின் இன்றியமையாத உறுப்பாயிற்று.

இனி எர்த் என்னும் சொல்லுக்கு வருவோம். 1838இல் ஜெர்மானிய அறிஞர் ஸ்டைன்ஹைல், இருப்புப்பாதையின் தண்டவாளங்களையே தந்திக் கம்பிகளாகப் பயன்படுத்த முயன்றார். மின்சாரம் மண்ணில் கசிந்தமையால் முயற்சி பலிக்கவில்லை. ஆனால் அத்தோல்வியிலிருந்து ஓர் உண்மை பிறந்தது. மின்சாரம் திரும்பி வருவதற்குத் தனிக் கம்பி வேண்டுவதில்லை, நிலமே போதும்! மோட்டார் வண்டியில் நிலத்தின் இடத்தை வண்டியின் உலோக உடலே ஏற்றது. பாட்டரியின் ஒரு முனையை உடலோடு பிணைத்துவிட்டால், விளக்குக்கும் ஹாரனுக்கும் ஒவ்வொரு கம்பி போதும். இரப்பர்ச் சக்கரங்களின்மேல் நிற்பினும் எர்த் என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

சிக்கனம் தந்த இம்முறையே ஆபத்தையும் தந்தது. வண்டியின் உடல் முழுவதும் பாட்டரியின் ஒரு முனையாகிவிட்டது அன்றோ! எர்த் கம்பியை எடுக்காமல் மற்ற முனையைக் கழற்றும்போது, கையிலுள்ள ஸ்பானர் உடலில் எங்கேனும் பட்டால் போதும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் அதன் வழியே பாயும். ஸ்பானர் பழுக்கக் காயும், தீப்பொறி பறக்கும். நிக்கல்சன் கண்ட வாயுக்கள் மின்னேற்றத்தின்போது பாட்டரியிலிருந்தும் எழுகின்றன. பொறி பட்டால் அவை வெடிக்கும். அமிலம் முகத்தில் தெறிக்கும். எர்த்தை முதலில் எடுத்துவிட்டாலோ, உடலுக்கும் பாட்டரிக்கும் தொடர்பே இல்லை. பிறகு ஸ்பானர் உடலில் பட்டாலும் தீங்கில்லை. எர்த் முனையைக் கழற்றும்போது பட்டாலும் கேடில்லை. அது முன்பே உடலோடு சேர்ந்ததுதானே!

இவ்விதியைச் சிலர் "எதிர்முனையே முதலில்" என்று மனப்பாடம் செய்வர். இன்றைய வண்டிகளுக்கு அது பொருந்தும். ஆனால் 1960கள் வரை பிரிட்டனில் செய்யப்பட்ட கார்கள் பலவற்றில் நேர்முனையே உடலோடு பிணைக்கப்பட்டிருந்தது. அத்தகைய பழைய காரில் அம்மனப்பாடம் தீமையே விளைக்கும். எந்த முனை உடலோடு பிணைந்திருக்கிறது என்று முதலில் பார்ப்பவனே பிழைப்பான்.

ஆகவே, எஞ்சினையும் விளக்குகளையும் நிறுத்துங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள், கண்ணுக்குக் காப்பு அணியுங்கள், நெருப்பை அருகே கொணராதீர்கள். அதன்பின் எர்த்தைத் தேடுங்கள். விதியை மட்டும் கற்றவன் வண்டி மாறினால் தடுமாறுவான். அதன் காரணத்தையும் கற்றவனுக்கு எந்த வண்டியும் புதிதன்று.