கோலார் தங்கவயல்: சுரங்கம் உருவாக்கிய சமூகங்கள்

கர்நாடகத்தின் கிழக்கு எல்லையில், ஆந்திரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் அருகே அமைந்த கோலார் தங்கவயல், 120 ஆண்டுகள் தங்கம் எடுத்த ஊர். இங்கு பொன் தேடும் வேலை ஆங்கிலேயர் வருகைக்கு முந்தையது. 1802-ல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், மாரிகுப்பம் பக்கத்தில் பறையர் சமூகத்தினர் கைக்கருவிகளால் பாறையைக் குடைந்து பொன் எடுத்ததைப் பதிவுசெய்தார். பெண்கள் அந்தக் கல்லை இடித்துப் பொடியாக்கி, நீரில் அலசிப் பொன்துகளைப் பிரித்தார்கள்.

படையிலிருந்து ஓய்வுபெற்று பெங்களூரில் குடியேறிய மைக்கேல் லாவெல், 1870-களில் மைசூர் அரசிடம் சுரங்க உரிமம் பெற்றார். முதலீடு போதாமல் உரிமம் கைமாறியது. 1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நிர்வாகத்தை ஏற்றது. சில ஆண்டுகளில் சாம்பியன் ரீஃப் எனப்பட்ட வளமான பொன்படிவம் கண்டறியப்பட, மைசூர், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க் சுரங்கங்கள் அடுத்தடுத்து வளர்ந்தன. 1894-ல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருபேட்டையிலிருந்து, ரயில் பாதை வந்தது. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பியிழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அவ்வளவு தொலைவுக்கு மின்சாரம் அனுப்பியது ஆசியாவில் அதுவரை நடக்காத ஒன்று. 1901-ல் ஊரின் மக்கள்தொகை 38 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

அவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்தவர்கள். சுரங்கத்தின் அடியில் இறங்கி வேலை செய்தவர்களில் மிகப் பலர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளைச் சேர்ந்த தமிழ் பேசும் பட்டியல் சாதியினர். பஞ்சமும், நிலமின்மையும், கிராமத்துச் சாதிக் கட்டுப்பாடும் அவர்களை ஊரைவிட்டு நகர்த்தின. மேஸ்திரிகளும் ஒப்பந்ததாரர்களும் ஆள் சேர்த்துக் கூட்டிவந்தனர். உறவினரும் ஊர்க்காரரும் பின்தொடர்ந்து வர, ஒரே கிராமத்தார் அருகருகே குடியேறினர். தெலுங்கும் கன்னடமும் பேசிய தொழிலாளர்களும் இருந்தனர்.

வேலையின் படிநிலையே குடியிருப்பின் படிநிலையாகவும் அமைந்தது. பொறியாளர்களும் மேலாளர்களும் ஐரோப்பியர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து தேர்ந்த சுரங்கத் தொழிலாளர்களும், இத்தாலியர்களும் அழைத்துவரப்பட்டனர். மேட்டில் தோட்டத்துடன் கூடிய பங்களா, மன்றம், தேவாலயம் என அவர்கள் வாழ்ந்த பகுதி ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் பெற்றது. பட்டறைகளிலும் மேற்பார்வைப் பணிகளிலும் ஆங்கிலோ இந்தியர்கள் இருந்தனர். காவலுக்குப் பஞ்சாபியர் அமர்த்தப்பட்டனர். அடிநிலைத் தொழிலாளர்களுக்கு நிறுவனம் தந்தது ‘லைன்’ எனப்படும் வரிசை வீடுகள். தொடக்கத்தில் அவை மூங்கில் தட்டியால் ஆன ஒற்றை அறைக் குடிசைகள். நெரிசலும் பிளேக் நோயும் நெருக்கிய காலத்தில், திட்டமிட்டு அமைக்கப்பட்ட ராபர்ட்சன்பேட்டை வணிகர்களின் இடமாயிற்று. மார்வாடிகள், முஸ்லிம்கள், தமிழ், தெலுங்கு வணிகர்கள் அங்கு கடை வைத்தனர்.

தங்கத் திருட்டைத் தடுப்பதாகச் சொல்லி, 1897-ன் மைசூர் சுரங்கச் சட்டம் கனிமத்தை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. பணி முடிந்து மேலேறும் தொழிலாளர்கள் உடல் சோதனைக்கு உள்ளாயினர். அடியில் வேறு ஆபத்துகள் காத்திருந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் காலப்போக்கில் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைக் கடந்தது. அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும் விபத்துகள் பலரைக் கொன்றன. பாறைத்தூசியைச் சுவாசித்தவர்களை சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் பிடித்தது.

ஆனாலும் மாதச் சம்பளம் கிராமத்தில் கிடைக்காத ஒரு விடுதலையைத் தந்தது. நிலக்கிழாரின் பிடியில்லாத இடத்தில் படிப்பகங்களும் பள்ளிகளும் தோன்றின. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்துக்குச் சென்னைக்கு வெளியே அமைந்த வலுவான தளங்களில் மாரிகுப்பமும் சாம்பியன் ரீஃப்பும் முக்கியமானவை. இங்குள்ள சித்தார்த்த புத்தகசாலை அவர் எழுத்துகளை நூல்களாக்கியது. அவர் நடத்தி, 1914-ல் அவர் மறைந்த பிறகு நின்றுபோன ‘தமிழன்’ இதழ், 1926-ல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது.

தன்மதிப்பு உணர்வு தொழிலாளர் போராட்டத்திலும் வெளிப்பட்டது. 1930-ல் நிர்வாகம் எல்லாத் தொழிலாளர்களிடமும் கைரேகை எடுத்துப் பதிவுசெய்ய முயன்றது. தங்களைக் குற்றவாளிகளாக நடத்துவதாகக் கருதிய தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலையை நிறுத்தினர், திட்டம் கைவிடப்பட்டது. 1940-களில் கே. எஸ். வாசன் உள்ளிட்ட கம்யூனிஸ்ட்டுகள் தொழிற்சங்கத்தைக் கட்டினர். 1946-ன் நீண்ட வேலைநிறுத்தக் காலத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பின்னாளில் தங்கவயல் தொகுதியிலிருந்து கம்யூனிஸ்ட்டுகளும், அம்பேத்கர் வழிவந்த குடியரசுக் கட்சியினரும், அ.தி.மு.க.வினரும் சட்டமன்றம் சென்றனர். கர்நாடக மண்ணில் இப்படி ஓர் அரசியல் அமைந்ததற்கு இங்குள்ள தமிழ்த் தொழிலாளர்களே காரணம்.

1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962-ல் அவை மத்திய அரசிடம் சென்றன. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. ஐரோப்பியர் முழுதும் வெளியேறினர். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பலவும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் குடிபெயர்ந்தன. ஆழம் கூடக் கூடச் செலவு ஏறியது. பொன்னின் அளவோ குறைந்தது. மொத்தம் 800 டன் அளவுக்குத் தங்கம் தந்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன.

ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்த குடும்பங்கள் நான்கைந்து தலைமுறைகளில் ஊர்க்காரர்களாகிவிட்டன. அவர்களுக்குத் திரும்பிச் செல்லச் சொந்தக் கிராமம் இல்லை. இங்குள்ள பி.இ.எம்.எல். கனரக இயந்திரத் தொழிற்சாலை சிலருக்கு வேலை தந்தது. பலர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். நிறுவன வீடுகளின் உரிமை, நிலுவைத் தொகை ஆகியவற்றுக்கான வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. பொன்னைப் பிரித்த பின் எஞ்சி, ஊரைச் சுற்றிக் குவிந்த சயனைடு மண்மேடுகளிலிருந்து கோடைக்காற்றில் எழும் தூசி, லைன் வீடுகளில் வாழ்வோரின் மூச்சுக்கு இன்னும் தொல்லையாகவே இருக்கிறது.