ஒரு காப்லிங் நிலம்

இந்தோனேசியாவில் சில ஊர்களுக்கு எண்தான் பெயர். சுமத்ராவின் உள்பகுதியில் வேனில் போனால் 'எஸ்பே சத்து', 'எஸ்பே துவா', 'எஸ்பே தீகா' என்று இடம் கேட்டு இறங்குவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. எஸ்பே என்பது 'குடியேற்ற அலகு' என்று பொருள்படும் அரசாங்கச் சொல்லின் சுருக்கம். காட்டை வெட்டி, எண் போட்டு, ஜாவாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிய இடங்கள் இவை. பின்னால் அரசு 'மக்மூர்', 'ஜயா' என்று செழிப்பும் வெற்றியுமாகப் பெயர்களைச் சூட்டியது. பலகையில் அந்தப் பெயர் இருக்கும், மக்கள் வாயில் எண்தான் இருக்கும்.

ஜாம்பி மாகாணத்தில் அப்படி ஓர் எஸ்பேயில் மூன்று வருடம் இருந்தேன். பாமாயில் ஆலையின் பாய்லர் பிரிவில் வேலை. எண்ணெய்ப்பனை வைத்திருந்த ஒரு ஜாவானிய விவசாயியின் வீட்டில் பின்னறை வாடகை. நான் அவரை 'பாக்' என்பேன், அப்பா என்பதன் சுருக்கம். அவர் என்னை 'மாஸ்' என்பார். அண்ணன் என்று அர்த்தம். ஜாவானியர்களில் வயதில் மூத்தவர்களும் இளைஞர்களை மரியாதைக்காக அப்படிக் கூப்பிடுவார்கள். இரண்டாம் வருடத்திலிருந்து அவரும் தெருவில் இருந்த மற்றவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்டது ஒன்றுதான்: "சம்பளத்தை ஊருக்கே அனுப்பிக்கிட்டு இருக்கீங்களே மாஸ், இங்க ஒரு காப்லிங் வாங்கிப் போட வேண்டியதுதானே?"

காப்லிங் டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். அளந்து பிரித்த மனை என்று பொருள். இந்த ஊர்களில் அது இரண்டு ஹெக்டேர் எண்ணெய்ப்பனை. ஏறத்தாழ ஐந்து ஏக்கர். பெண் கொடுப்பது, பையனைக் காலேஜில் சேர்ப்பது, ஹஜ் போவது எல்லாமே காப்லிங் கணக்கில்தான். 'அவருக்கு நாலு காப்லிங்' என்றால் அதற்குமேல் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த இரண்டு ஹெக்டேர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

தொடக்கம் 1905. அதற்கு ஆறு வருடம் முன்னால் வான் டெவென்டர் என்ற டச்சு வழக்கறிஞர், ஜாவாவைச் சுரண்டியதற்கு ஹாலந்து ஒரு 'கௌரவக் கடன்' பட்டிருக்கிறது என்று எழுதினார். 1901இல் ராணி வில்ஹெல்மினா நாடாளுமன்றத்தில் காலனி மக்கள்மீதான தார்மீகக் கடமையைப் பற்றிப் பேசினார். கடனை அடைக்க மூன்று வழி சொன்னார்கள்: பாசனம், கல்வி, குடிபெயர்ப்பு. மூன்றாவதில் செலவு குறைவு. ஜாவாவில் நெரிசல், சுமத்ராவில் காடு, அங்கிருப்பவர்களை இங்கே கொண்டுபோய் விட்டால் ஆயிற்று. 1905 நவம்பரில் மத்திய ஜாவாவின் கெடு பகுதியிலிருந்து 155 குடும்பங்கள் தெற்கு சுமத்ராவின் லாம்பூங்கில் உள்ள கெடோங் தத்தான் என்ற இடத்தில் இறங்கின. ஊரை விட்டு வந்தவர்கள் ஊர்ப்பெயரை விடவில்லை, புது ஊருக்கும் பாகெலென் என்றே வைத்துக்கொண்டார்கள். இன்று அந்த வட்டாரத்தில் குடியேற்றத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

இதே காலத்தில் சுமத்ராவின் இன்னொரு மூலையில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. வடகிழக்கில் டெலி. 1863இல் நியென்ஹாய்ஸ் என்ற டச்சுக்காரர் அங்கே புகையிலை போட்டார். சீனர்கள், ஜாவானியர்கள், நம் ஆட்கள் என்று கூலிகளைக் கப்பலில் இறக்கினார்கள். மேடான் நகரத்தில் 1884இல் எழுந்த மாரியம்மன் கோயிலும், இன்று கம்போங் மெட்ராஸ் எனப்படும் பேட்டையும் அந்தத் தமிழர்கள் விட்டுச்சென்றவை. 1880ஆம் ஆண்டின் கூலிச் சட்டப்படி ஒப்பந்தத்தை மீறி ஓடினால் ஜெயில். ஆக டச்சு சுமத்ராவில் இரண்டு வகை வாழ்க்கை இருந்தது. டெலியில் கூலி உண்டு, நிலம் கிடையாது. லாம்பூங்கில் நிலம் உண்டு, கையில் காசு கிடையாது.

காசில்லாமல் எப்படிக் குடியேற்றுவது? 1930களில் நிர்வாகம் ஒரு வழி கண்டுபிடித்தது, அதற்குப் 'பாவோன்' முறை என்று பெயர். ஜாவாவில் கதிர் அறுப்பவருக்கு விளைச்சலில் ஒரு பங்கு தருவது பழைய வழக்கம், நம்மூர் களத்துமேட்டில் நெல்லாகக் கூலி அளப்பது மாதிரி. புதுக் குடும்பங்களை அறுவடைக்குச் சற்று முன்னால் கொண்டுவந்து பழைய குடியேறிகளின் வீடுகளில் தங்கவைத்தார்கள். அவர்கள் அறுத்துக் கொடுத்து, கிடைத்த பங்கு நெல்லை வைத்து அடுத்த அறுவடைவரை தாக்குப்பிடித்து, தங்கள் காட்டைத் தாங்களே வெட்டிக்கொள்ள வேண்டும். அரசின் செலவை முதல் ஏழை இரண்டாம் ஏழைக்காக ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அதைக் 'கௌரவக் கடன்' கணக்கில் எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை.

1930 கணக்கெடுப்பில் நாட்டின் சுமார் 6 கோடிப் பேரில் 4 கோடிக்குமேல் ஜாவாவிலும் மதுராவிலும் இருந்தார்கள். டச்சு ஆட்சி முடியும்வரை குடியேற்றியது ஏறக்குறைய 2 லட்சம் பேரை. நெரிசல் துளிகூடக் குறையவில்லை. விடுதலைக்குப் பிறகும் திட்டம் தொடர்ந்தது, பெயர்தான் 'டிரான்ஸ்மிக்ராசி' ஆனது. சுகார்த்தோ காலத்தில் 1976 முதல் உலக வங்கிக் கடன் வந்தது. 1979இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டத்தின் இலக்கு 5 லட்சம் குடும்பங்கள். குடும்பத்துக்கு ஒரு பலகை வீடு, கால் ஹெக்டேர் வீட்டுத்தோட்டம், ஒன்றே முக்கால் ஹெக்டேர் வயல், கோடாரி, மண்வெட்டி, ஒரு வருட ரேஷன். இரண்டு ஹெக்டேர் என்ற அந்த மந்திர எண் இப்படித்தான் ஊரின் ரத்தத்தில் கலந்தது.

எல்லாக் காலத்திலும் ஒரே ஒரு வாக்கியத்தின்மேல்தான் இது நின்றது: 'அங்கே நிலம் காலியாக இருக்கிறது.' 1870இல் டச்சுக்காரர்கள் ஜாவாவுக்கு ஒரு பிரகடனம் செய்து, பிறகு அதைச் சுமத்ராவுக்கும் நீட்டினார்கள். தனக்குச் சொந்தம் என்று யாராலும் நிரூபிக்க முடியாத நிலமெல்லாம் அரசுக்கு. நிரூபிப்பது என்றால் அவர்கள் கேட்கிற மாதிரி நிரூபிப்பது. அந்த நிலத்தில்தான் கம்பெனிகளுக்கு 75 வருடக் குத்தகை கொடுத்தார்கள்.

காலி இல்லை என்பதை முதலில் ஊரறியச் சொன்னவை யானைகள். தெற்கு சுமத்ராவின் ஆயர் சுகிஹான் சதுப்பு நிலத்தில் குடியேறிகளை இறக்கியபோது அது யானைகளின் பூமி. மோதல் முற்றி, 1982 கடைசியில் சிப்பாய்களும் வனத்துறையினரும் குடியேறிகளுமாகச் சேர்ந்து சத்தம் எழுப்பி, 232 யானைகளை லெபோங் ஹிதாம் காட்டுக்குத் துரத்திக்கொண்டு போனார்கள். நடவடிக்கையின் பெயர் 'ஓபராசி கணேஷா'. இடத்தை விட்டு யானையைக் கிளப்பும் வேலைக்குப் பிள்ளையார் பெயரை வைத்தவரின் நகைச்சுவையை நான் இன்னும் ரசிக்கிறேன்.

யானைக்காவது பத்திரிகையில் இடம் கிடைத்தது. ஜாம்பி காடுகளில் ஓராங் ரிம்பா என்ற மக்கள் இருக்கிறார்கள். சாவு நடந்த இடத்தை விட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள், அதற்கு 'மெலாங்குன்' என்று பெயர். குழந்தை பிறந்தால் ஒரு மரம் அதனுடையதாகிவிடும். அந்த மரத்தை வெட்டுவது ஆளை வெட்டியதற்குச் சமம், அபராதத்தைத் துணிகளாகக் கட்ட வேண்டும். தேனடை தொங்கும் மரங்களுக்கும் பழ மரங்களுக்கும் வாரிசு உண்டு. அதாவது அந்தக் காட்டில் முதலீடும் இருந்தது, சொத்துரிமையும் இருந்தது. பத்திரம் மட்டும்தான் இல்லை. புல்டோசருக்கு எத்தனை துணி அபராதம் போடுவது? நான் இருந்த ஊரின் ஓரத்துக்கு அவர்கள் வருவார்கள். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் 'பெரொண்டோலான்' பழங்களைச் சாக்கில் பொறுக்குவார்கள். தெருவில் அதைத் திருட்டு என்பார்கள். "அவங்க தாத்தா தேன் எடுத்த இடம்" என்று ஒருமுறை சொன்னவர் எங்கள் வீட்டு இபு, பாக்கின் மனைவி. சொல்லிவிட்டுச் சாக்கை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

எண்ணெய்ப்பனை இந்தக் கதைக்குள் நுழைந்தது பின்னால்தான். நெல் போட்ட பல எஸ்பேக்களில் மண் கைவிட்டது. 1986இல் அதிபரின் உத்தரவு ஒன்று டெலியின் தோட்டத்தையும் லாம்பூங்கின் குடியேற்றத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது. நடுவில் கம்பெனியின் தோட்டமும் ஆலையும், அதற்கு 'இந்தி' என்று பெயர், உட்கரு. சுற்றிலும் குடியேறிகளின் இரண்டு இரண்டு ஹெக்டேர், அது 'பிளாஸ்மா'. உயிரியல் பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பொருளாதாரம் எழுதியிருக்கிறார்கள். காட்டை அழித்துக் கன்று நட்டது கம்பெனி, அந்தச் செலவு விவசாயியின் தலையில் வங்கிக் கடன். பழம் விற்ற காசில் 30 சதவீதம்போல் பிடித்துக்கொண்டு, கடன் தீர்ந்த பிறகு பத்திரம் தந்தார்கள்.

எங்கள் வீட்டு பாக் எண்பதுகளின் கடைசியில் மத்திய ஜாவாவிலிருந்து வந்தவர். மரம் காய்க்கும்வரை கம்பெனித் தோட்டத்தில் தினக்கூலி. "என் நிலத்துல நானே கூலிக்குக் களை எடுத்தேன் மாஸ். எது என் நிலம்னு அப்போ தெரியாது. சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தாங்க" என்றார். அறுத்த குலை ஒரு நாளைக்குள் ஆலைக்கு வர வேண்டும், நேரம் ஆக ஆகப் பழத்தில் அமிலம் ஏறும். அதனால் விவசாயி விலை பிடிக்கவில்லை என்று பழத்தை வீட்டில் வைத்திருக்க முடியாது. மாகாணக் கமிட்டி மரத்தின் வயதை வைத்து விலை சொல்லும், இல்லையென்றால் தவுக்கே சொல்லும் விலை. ஆலையின் உள்ளே நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வெளியே நிற்கும் லாரி வரிசையின் பதற்றம்தான் அந்தத் தொழிலின் லாபம்.

இதெல்லாம் சேர்ந்ததுதான் எனக்கு விற்க வந்த காப்லிங். பக்கத்துத் தெருவில் ஒருவர் மகன் கல்யாணத்துக்காக விற்கிறார் என்றார்கள். 1960ஆம் ஆண்டின் நிலச்சட்டப்படி முழு உடைமை, 'ஹக் மிலிக்', குடிமக்களுக்கு மட்டும். அதனால் என்ன, 'பின்ஜாம் நாமா' போதும் என்றார் தரகர். பெயரைக் கடன் வாங்குவது. நாமா நம் நாமம்தான், நம்மூரில் பினாமி. ஆனால் அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, வெளிநாட்டவருக்கு மறைமுகமாக நிலம் மாற்றினாலும் அது செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்கிறது. பாலியில் வில்லா வாங்குகிறேன் என்று ஒப்பந்தம் போடும் வெளிநாட்டுக்காரர்கள் பலர் நிற்பது இந்தப் பிரிவின் விளிம்பில்தான். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தரகருக்கு என்மேல் வருத்தம். பாக் மட்டும், "நல்லது. பத்திரம் இருக்கிறவனுக்கே இங்க தூக்கம் வரல" என்றார்.

அவர் சொன்னது மறுநடவைப் பற்றி. 25 வருடத்துக்குமேல் போனால் எண்ணெய்ப்பனையில் விளைச்சல் இறங்கும். பாமாயில் ஏற்றுமதித் தீர்வையிலிருந்து அரசு 2017 முதல் சிறு விவசாயிகளின் மறுநடவுக்குப் பணம் தருகிறது. முதலில் ஹெக்டேருக்கு 2.5 கோடி ரூப்பியா, பிறகு 3 கோடி, 2024இல் 6 கோடி. ஒரு நிபந்தனை, நிலம் வன எல்லைக்குள் இருக்கக் கூடாது. 1980களில் இந்தோனேசிய அரசு நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கை வரைபடத்தில் வனமாகக் குறித்தது. குடியேற்றத் துறையின் வரைபடம் வேறு, வனத்துறையின் வரைபடம் வேறு. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் பல குடியேற்ற ஊர்கள் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டன. கணினியில் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது, அரசே இறக்கி, அரசே பத்திரம் கொடுத்த காப்லிங்குகள் காடாகத் தெரிந்தன.

பாக்கின் இரண்டு ஹெக்டேரில் ஒரு பகுதி அப்படித்தான் தெரிந்தது. பத்திரத்தின் நகலோடு அலுவலகத்துக்கு நான்கு முறை அவரோடு பைக்கில் போனேன். மேசையின் அந்தப் பக்கம் இருந்த இளைஞன் மரியாதையாகத்தான் பேசினான். திரையில் பச்சை நிறத்தைத் திருப்பிக் காட்டி, "இது ஹூத்தான், பாக்" என்றான். காடு. இவர் வெகு நேரம் திரையைப் பார்த்தார். "நாங்க வந்தப்ப இது காடுதான் தம்பி. வெட்டச் சொன்னது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

நான் கிளம்புவதற்கு முன் அவர் ஒரு ஹெக்டேரை மட்டும் சொந்தக் காசில் வெட்டிச் சாய்த்து, புதுக் கன்று நட்டு, இடையில் சோளம் போட்டார். காய்க்க மூன்று வருடம் ஆகும். மற்ற ஹெக்டேரில் கிழட்டு மரங்கள் அப்படியே நின்றன. மரம் உயர உயர, குலை அறுக்கும் 'எக்ரெக்' அரிவாளின் கழிக்கு இன்னொரு துண்டு கோத்து நீட்டிக்கொண்டே இருந்தார்.