மேரி பிஸ்கட்டும் முதியோர் பென்ஷனும்

நவம்பர் மாதம் வந்துவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வேலை உண்டு. வங்கிக்குப் போய், "நான் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். போன நவம்பரிலும் அப்படி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், "சார், இந்தப் பென்ஷனை முதல்ல கண்டுபிடிச்ச மகராசன் யாரா இருக்கும்?" என்று கேட்டார். ஜெர்மனியின் பிஸ்மார்க் 1889-ல் முதியோருக்குச் சட்டம் கொண்டுவந்தார் என்று பள்ளியில் படித்ததைச் சொன்னேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் நினைவுக்கு வந்தவர் வேறொருவர். அவர் பெயர் வில்லெம் ட்ரேஸ். நெதர்லாந்தின் பிரதமராகப் பத்து ஆண்டுகள் இருந்தவர். பென்ஷன் வாங்கும் நாம் அவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ட்ரேஸ் 1886 ஜூலை 5 அன்று ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். தந்தை வங்கி ஊழியர். சிறு வயதிலேயே தந்தையை இழந்த பிள்ளை. வணிகப் பள்ளியில் படித்துவிட்டு, அவரும் வங்கி வேலைக்கே போனார். பிறகு சுருக்கெழுத்து கற்றுக்கொண்டு, 1907 முதல் நாடாளுமன்றத்தில் சுருக்கெழுத்தராகச் சேர்ந்தார். டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் இன்ஸ்டிடியூட் வாசலில் காத்துக் கிடந்த நம் தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். பெரிய தலைவர்கள் பேசப் பேச, ஒரு மூலையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். பன்னிரண்டு ஆண்டுகள் அந்த வேலை. ஒரு நாட்டின் அரசியலைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

இதற்கிடையே 1904-லேயே சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்திருந்தார். 1913-ல் ஹேக் நகர மன்ற உறுப்பினர் ஆனார். 1919-ல் அந்த நகர நிர்வாகக் குழுவில் இடம் கிடைத்தது. ஏழைகளுக்கான உதவி உள்ளிட்ட சமூக நலத்துறை அவர் பொறுப்பில் வந்தது. பல ஆண்டுகள் அதைப் பார்த்தார். அந்நாளில் உழைத்து ஓய்ந்த மனிதனுக்குச் சேமிப்பு இல்லையென்றால் இரண்டே வழிதான். பிள்ளைகள் கையை எதிர்பார்க்க வேண்டும். இல்லையென்றால் தேவாலயத்திடமோ நகராட்சியிடமோ தர்மம் கேட்க வேண்டும். தர்மம் கேட்பவன் தன் வறுமையை நிரூபித்தாக வேண்டும். முதுமையில் இதைவிடக் கூனிக் குறுக வைக்கும் காரியம் வேறென்ன இருக்கிறது?

1933-ல் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினராகவே திரும்பி வந்தார். 1940-ல் ஹிட்லரின் படை நெதர்லாந்தைப் பிடித்தது. டச்சு ஆட்சியில் இருந்த கிழக்கிந்தியத் தீவுகளில், அதாவது இன்றைய இந்தோனேசியாவில், ஜெர்மானியர்களைச் சிறைவைத்ததற்குப் பழிவாங்க, நெதர்லாந்தின் முக்கியஸ்தர்களை ஜெர்மானியர் பிணைக்கைதிகளாகப் பிடித்தார்கள். அதில் ட்ரேஸும் ஒருவர். புக்கன்வால்ட் வதைமுகாமில் ஓர் ஆண்டு இருந்தார். உடல்நலம் கெட்டு வெளியே வந்தவர் வீட்டில் முடங்கவில்லை. தலைமறைவு எதிர்ப்பியக்கத்தில், போருக்குப் பின் நாட்டை யார் எப்படி நடத்துவது என்று திட்டமிட்டவர்களில் முக்கியமானவர் ஆனார்.

1945-ல் போர் முடிந்தது. சமூக விவகார அமைச்சர் பதவி ட்ரேஸுக்கு வந்தது. நாடே இடிபாடுகளாகக் கிடந்தது, கஜானாவும் காலி. இந்த நிலையில் முதியோருக்குப் பணம் கொடுப்பதா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் காத்திருக்க முதியோருக்கு நேரம் ஏது? 1947-ல் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தார். 65 வயதைத் தாண்டிய, போதிய வருமானம் இல்லாதவர்களுக்கு மாதாமாதம் அரசு உதவி. அது தற்காலிக ஏற்பாடு என்றுதான் பெயர். ஆனால் மக்கள் மனதில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் "அரசிடம் வாங்குகிறேன்" என்று சொல்லவில்லை. "ட்ரேஸிடம் வாங்குகிறேன்" என்றுதான் சொன்னார்கள். ஒரு மனிதனின் பெயரே பென்ஷனுக்குப் பெயராகிவிட்டது. அவரை "அப்பா ட்ரேஸ்" என்றும் அழைத்தார்கள்.

1948 ஆகஸ்டில் பிரதமரானார். அவருடைய எளிமையைப் பற்றி அங்கே எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு. அமெரிக்கா மார்ஷல் திட்டத்தின்கீழ் ஐரோப்பாவுக்கு உதவிய காலம். ஓர் அமெரிக்க அதிகாரி ட்ரேஸை அவருடைய வீட்டிலேயே சந்திக்க வந்தார். ஹேக் நகரில் சாதாரணமான தெரு, சாதாரணமான வீடு. ட்ரேஸின் மனைவியே தேநீர் கொண்டுவந்து, கூடவே ஒரு மேரி பிஸ்கட் வைத்தார். ஒன்றே ஒன்று. பிரதமரே இப்படி வாழும் நாட்டில் நம் பணம் வீணாகாது என்று அந்த அதிகாரி முடிவு கட்டினாராம். இது எவ்வளவு உண்மை, எவ்வளவு ஜோடனை என்ற பேச்சு அங்கேயும் உண்டு. ஆனால் நெதர்லாந்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல் உதவி வந்ததும், ட்ரேஸ் கடைசிவரை சிக்கனமாக வாழ்ந்ததும் உண்மை. மதுவைத் தொடாத மனிதர் அவர்.

இதுவரை சொன்னதை மட்டும் சொல்லி நிறுத்தினால் ட்ரேஸ் ஒரு மகான் ஆகிவிடுவார். வரலாறு அப்படி விடுவதில்லை.

அவர் பிரதமரான நான்கு மாதத்தில், 1948 டிசம்பர் 19 அன்று, டச்சுப் படை இந்தோனேசியக் குடியரசின் மீது பாய்ந்தது. சுகர்னோவையும் ஹட்டாவையும் கைது செய்தது. இதற்கு டச்சு அரசு வைத்த பெயர் "போலீஸ் நடவடிக்கை". ட்ரேஸுக்குத் தயக்கம் இருந்தது என்கிறார்கள். ஆனாலும் தடுத்து நிறுத்தவில்லை. நம் நாடு சும்மா இருக்கவில்லை. டச்சு விமானங்கள் நம் வழியாகப் பறக்கத் தடை விதித்தது. 1949 ஜனவரியில் நேரு டில்லியில் பல நாடுகளின் மாநாட்டைக் கூட்டிக் கண்டித்தார். ஐ.நா. சபையும் அழுத்தம் கொடுத்தது. அமெரிக்காவும் உதவிப் பணத்தைக் காட்டி மிரட்டியது. கடைசியில் 1949 டிசம்பர் 27 அன்று ஆம்ஸ்டர்டாம் அரண்மனையில் ஆட்சி அதிகாரம் இந்தோனேசியாவுக்குக் கைமாறியது.

அதன் பிறகு நடந்த ஒன்றுதான் எனக்கு இன்னும் வருத்தம் தருவது. டச்சுக் கொடியின்கீழ் சண்டையிட்ட மொலுக்கஸ் தீவுகளைச் சேர்ந்த சிப்பாய்களும் குடும்பத்தினருமாகச் சுமார் 12,500 பேர் 1951-ல் கப்பல்களில் நெதர்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். வந்து இறங்கியதும் சிப்பாய்களைப் படையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பழைய முகாம்களில் தங்க வைத்தார்கள். நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த வெஸ்டர்போர்க் முகாமும் அவற்றில் ஒன்று. கொஞ்ச காலத்துக்கு என்று சொன்னது பல ஆண்டுகள் நீண்டது. முதியவனின் மானத்தைக் காத்த அதே அரசுக்கு, தனக்காகச் சண்டையிட்ட சிப்பாயின் மானம் கண்ணில் படவில்லை. வதைமுகாமில் இருந்துவந்த ஒருவர் தலைமையில் இது நடந்தது என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

1953 பிப்ரவரி முதல் தேதி அதிகாலையில் கடல் அணைகளை உடைத்து உள்ளே புகுந்தது. 1,836 பேர் இறந்தார்கள். இனி அப்படி நடக்கக் கூடாது என்று டெல்டா திட்டத்தைத் தொடங்கியதும் ட்ரேஸ் அரசுதான்.

அவசரச் சட்டத்துக்குப் பதிலாக நிரந்தர முதியோர் பென்ஷன் சட்டம் 1956-ல் நிறைவேறி, 1957 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அப்போது சமூக விவகார அமைச்சர் வேறொருவர். வரிப்பணத்திலிருந்தே கொடுக்க வேண்டும் என்பது ட்ரேஸின் விருப்பம். கூட்டணிக் கட்சிகள் காப்பீட்டு முறையைக் கேட்டன. அவர் விட்டுக்கொடுத்தார். எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். 65 வயதானால் பணக்காரனோ ஏழையோ எல்லோருக்கும் பென்ஷன். வறுமையை நிரூபிக்க வேண்டாம், கையேந்த வேண்டாம். தர்மம் உரிமையாக மாறியது இந்த இடத்தில்தான். இன்றும் அந்தச் சட்டம் இருக்கிறது. வயது மட்டும் 67 ஆகிவிட்டது.

1958 டிசம்பரில் வரி விவகாரத்தில் கூட்டணி உடைந்தது. ட்ரேஸ் பதவி விலகினார். அப்போது வயது 72. அதன் பிறகு முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். எழுதினார், கருத்துச் சொன்னார், தான் வளர்த்த கட்சியின் போக்குப் பிடிக்காமல் 1971-ல் அதிலிருந்தே விலகினார். மனைவி 1974-ல் காலமானார். கண்ணும் காதும் மங்கிய பிறகும் மூளை மங்கவில்லை என்பார்கள். 1988 மே 14 அன்று ஹேக் நகரில் 101 வயதில் காலமானார்.

இதையெல்லாம் நேற்று மாலை நடைப்பயிற்சியில் போஸ்ட்மாஸ்டரிடம் சொன்னேன். இந்தோனேசியா பற்றிச் சொன்னபோது தலையை ஆட்டிக்கொண்டார். பிஸ்கட் கதையைக் கேட்டுச் சிரித்தார். கடைசியில், "அவருக்கும் அந்தப் பென்ஷன் உண்டா சார்?" என்றார்.

"எல்லோருக்கும் என்றுதானே சட்டம். அவருக்கும் உண்டு. 101 வயது வரைக்கும்" என்றேன்.

"அப்படின்னா அவரும் ட்ரேஸிடம் வாங்கினவர்தான்" என்றார் அவர்.