வில்லனும் பகடையும்

நாடகத்திலும் நாவலிலும் வில்லனின் உயிருக்குக் காவல் ஆசிரியன். இயாகோ வாயைத் திறந்த முதல் காட்சியிலேயே எவனாவது அவனைக் குத்திப் போட்டிருந்தால் 'ஒதெல்லோ' இல்லை. குத்த மாட்டார்கள் என்பது ஷேக்ஸ்பியருக்குத் தெரியும், நமக்கும் தெரியும். இந்த உத்தரவாதம் பழகிப்போய்விட்டதால் அதை ஒரு உத்தரவாதம் என்றே நாம் உணர்வதில்லை.

இது இல்லாத ஒரு கதை வடிவம் 1970களில் அமெரிக்காவில் உருவாயிற்று. மேஜையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்காருகிறார்கள். ஒருவர் நடுவர், உலகமும் அதிலுள்ள எதிரிகளும் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று 'நான் இன்னது செய்கிறேன்' என்கிறார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடை தீர்த்துவைக்கிறது. மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் ஒரே கதை தொடரும். இதில் அச்சில் எஞ்சுபவை விதிப் புத்தகங்களும் நடுவருக்கென்று எழுதப்பட்ட ஆட்டப் பிரதிகளும்தான். இவற்றை இலக்கியமாக யாரும் கொள்வதில்லை. நானும் கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் ஆசிரியனின் அதிகாரம் என்று நாம் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிற விஷயம், வேறெங்கும் காணாத அளவு பச்சையாக, புள்ளிக்கணக்கு சகிதம் இந்தப் பிரதிகளில் கிடக்கிறது. முக்கிய வில்லனுக்கு அவற்றில் நேர்ந்த கதியைப் பார்த்தாலே போதும்.

இதன் பூர்வீகம் யுத்த விளையாட்டு. மினசோட்டா மாநிலத்து இரட்டை நகரங்களில் 1969ல் டேவிட் வெஸ்லி ஒரு நெப்போலியன் காலத்து ஆட்டத்தில் படைகளுக்குப் பதில் தனி மனிதர்களை, ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோக்கத்துடன், இறக்கிப் பார்த்தார். அதில் பங்குகொண்ட டேவ் ஆர்னசன் 1971 வாக்கில் பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டைத் தொடங்கினார். யுத்த விளையாட்டில் எதிரி என்பவன் எதிர்நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு மனிதன். அவனுக்கும் மூளை உண்டு. அவனும் ஜெயிக்க வந்தவன். பிளாக்மூரிலும் ஆரம்பத்தில் இப்படித்தான்: தீமையின் பக்கமும் ஆட்கள் ஆடினார்கள். ஒரு ஆட்டக்காரரின் பாத்திரம் சர் ஃபாங் என்ற ரத்தக்காட்டேரியாக மாறி, யாராலும் எதிர்க்க முடியாதபடி பலத்துவிட்டது. அவனைச் சமாளிக்கவென்றே, பேய்ப்படங்களில் வரும் காட்டேரி வேட்டைக்காரனை மனத்தில் வைத்து, மதகுரு என்றொரு பாத்திர வகை புகுத்தப்பட்டது. இன்று உலகமெங்கும் ஆடுகிறவர்கள் காயம் ஆற்றுவதற்கென்று கூட்டிப்போகும் அந்த மதகுருவின் பிறப்பு இதுதான். ஆக, இந்த வடிவத்தின் முதல் பெரிய வில்லன் ஆசிரியனின் சிருஷ்டி அல்ல. அவனுக்கு மற்றவர்களுக்குள்ள உரிமைகள் அனைத்தும் இருந்தன. காவல் மட்டும் இல்லை.

1974ல் விஸ்கான்ஸினின் லேக் ஜெனீவாவிலிருந்து கேரி கைகாக்ஸும் ஆர்னசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் மூன்று சிறு புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு வெளியிட்டார்கள். முதல் பதிப்பு ஆயிரம் பிரதிகள். (நம் சிறுபத்திரிகைகளின் கணக்குதான்; பிற்பாடு நடந்ததில் ஒப்புமை இல்லை.) அச்சேறியதும் வில்லன் காணாமல் போகிறான். நிலவறை, அறைக்கு ஒரு ஜந்து, ஜந்துக்குப் பின்னால் புதையல். கைகாக்ஸ் 1975ல் ஒரு போட்டிக்காக எழுதி 1978ல் அச்சான 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' இதன் உச்சம். அசெரராக் என்ற மந்திரவாதியின் கல்லறை அது. கடைசியில் அவன் வெறும் மண்டையோடாகக் காத்திருக்கிறான். அவனுக்கு ஆசை கிடையாது, திட்டம் கிடையாது. தீமை கட்டடமாகிவிட்டது.

அதே 1978ல் கைகாக்ஸ் எழுதிய ராட்சதர் வரிசையில்தான் வில்லன் திரும்பி வருகிறான், இம்முறை திரைக்குப் பின்னால். ராட்சதர்கள் ஊர்களைச் சூறையாடுகிறார்கள்; அவர்களைத் தூண்டுவது யார் என்று தேடிப்போனால் பூமிக்கடியில் வாழும் கறுப்பு எல்ஃபுகள்; அவர்களுக்கும் பின்னால் லோல்த் என்ற சிலந்தி ராணி. அவர்கள் தெய்வமாக வணங்கும் அந்த லோல்த்துக்கு 66 உயிர்ப் புள்ளிகள் என்று அச்சிட்டிருக்கிறது. குதிரைக்கும் காவல்காரனுக்கும் போட்ட அதே கணக்கு. கையில் பலமும் பகடையில் அதிர்ஷ்டமும் இருந்தால் தெய்வத்தைக் கொல்லலாம். இதைப் பிள்ளைத்தனம் என்று சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு இது நேர்மையாகப் படுகிறது. நம் நாவலாசிரியர்கள் தங்கள் பாத்திரம் தங்கள் கையை மீறிப் போய்விட்டது என்று சொல்லிக்கொள்வது வழக்கம். மீறிப்போன பாத்திரம் எதுவும் நூறாம் பக்கத்தில் வாசகன் கையால் செத்ததாகத் தெரியவில்லை.

ட்ரேஸி ஹிக்மன் ஒரு ஆட்டத்தில், ஏதோ ஒரு நிலவறையின் ஏதோ ஒரு அறையில், ஒரு ரத்தக்காட்டேரியைச் சந்தித்தார். இது இங்கே என்ன செய்கிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. அவரும் மனைவி லாரா ஹிக்மனும் சேர்ந்து எழுதிய பதில்தான் 1983ல் வந்த 'ரேவன்லாஃப்ட்'. முப்பத்திரண்டே பக்கம். ஸ்ட்ராட் என்ற பிரபு தம்பிக்கு நிச்சயமான பெண்ணை விரும்பினான். தம்பியைக் கல்யாண நாளில் கொன்றான். அவள் கோட்டை மதிலிலிருந்து குதித்தாள். அவன் சாகாமல் இருக்கிறான். அவள் ஜாடையில் இப்போது ஒருத்தி கீழே கிராமத்தில் இருக்கிறாள். ஸ்ட்ராடின் புகழுக்கு இந்தப் பூர்வகதையைக் காரணமாகச் சொல்வார்கள். வில்லனுக்கு ஆழம் வந்துவிட்டதாம். எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கதை பாலிடோரி 1819ல் காட்டேரியைப் பிரபுவாக்கியதிலிருந்து ஐரோப்பியர்கள் அரைத்த மாவு.

புதுமை வேறிடத்தில் இருக்கிறது. முதலாவது, ஸ்ட்ராட் கடைசி அறையில் காத்திருப்பதில்லை. நினைத்தபோது வருகிறான், அடிக்கிறான், தோற்கும் சமயம் பார்த்து விலகுகிறான். நடுவர் அவனை ஒரு ஆட்டக்காரனைப்போல ஆடியாக வேண்டும். சர் ஃபாங்கின் நாற்காலி திரும்பக் கிடைக்கிறது. இரண்டாவது, ஒரு நாடோடிக் கிழவி சீட்டுப் போட்டுக் குறி சொல்கிறாள். அவனை வெல்வதற்கான வாள் எங்கே, அவனை எங்கே சந்திக்க நேரும் என்பவற்றைச் சீட்டு தீர்மானிக்கிறது. அதைவிட, ஸ்ட்ராடுக்கு என்ன வேண்டும் என்பதையே சீட்டு தீர்மானிக்கிறது. வில்லனின் இச்சையை ஆசிரியன் தன் கையிலிருந்து இறக்கி, சீட்டுக்கட்டிடம் கொடுத்துவிடுகிறான். எந்தக் கலைவடிவத்திலும் ஒரு ஆசிரியன் இவ்வளவு விட்டுக்கொடுத்ததை நான் கண்டதில்லை.

விட்டுக்கொடுத்தவரே மறு வருஷம் திருப்பி எடுத்துக்கொண்டார். 1984ல் ஹிக்மன் பங்குகொண்ட 'டிராகன்லான்ஸ்' வரிசையின் முதல் பிரதியில் நடுவருக்கு ஒரு யோசனை இருக்கிறது: பின்னால் தேவைப்படும் முக்கியப் பாத்திரங்கள், வில்லன்கள் உட்பட, செத்தால் பிணம் அகப்படாதபடி சாகச் செய்யுங்கள், பிறகு உயிரோடு கொண்டுவர வசதியாக இருக்கும். கூடவே நாவல்களும் வந்துகொண்டிருந்தன. நாவலுக்கு வில்லன் வேண்டும். மேஜையில் உருளும் பகடைக்கு அந்தச் சமாசாரம் தெரியாது. பகடையை மீறும் உரிமை நடுவருக்கு உண்டு என்று கைகாக்ஸ் 1979லேயே எழுதிவைத்திருந்தார். அந்த உரிமை வில்லனைக் காப்பாற்றப் பயன்பட்டால் மேஜையில் நடப்பது கதாகாலட்சேபம். மற்றவர்கள் வெறும் சபையோர். (1989ன் இரண்டாம் பதிப்பில் மதவாதிகளின் கூச்சலுக்கு அஞ்சிச் சாத்தான், பூதம் என்ற பெயர்களையே நீக்கிப் புதுப் பெயர் சூட்டினார்கள். அது வேறு வகைக் கோழைத்தனம்.)

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. வின்சென்ட் பேக்கர் 2010ல் எழுதிய 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' நடுவருக்கு நேர் எதிரான கட்டளை இடுகிறது: உன் வசமுள்ள யாரைப் பார்த்தாலும் இவனை இப்போதே அழித்துவிடலாமா என்று யோசி. படைத்தவன் தன் படைப்பின் மேல் பற்று வைக்காதிருப்பதை ஒரு விதியாகவே எழுதிவிட்டார்கள்.

ஸ்ட்ராட் இதற்குள் சொத்தாகிவிட்டான். 1990ல் அவனைச் சுற்றி ஒரு உலகமே விற்பனைக்கு வந்தது; 1993ல் அவன் தன் கதையைத் தானே சொல்லும் நாவலும் வந்தது. 2016ல் வந்த 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' முதல் பிரதியைப்போலப் பல மடங்கு பெரிது. அதில் ஸ்ட்ராடைக் கொல்லலாம். சில மாதங்களில் அவன் மீண்டும் உருவெடுத்துவிடுவான் என்று பிரதியே சொல்லிவிடுகிறது. கிழவி இன்னும் சீட்டுப் போடுகிறாள். வாள் எங்கே, துணைக்கு வருபவர் யார், அவனைச் சந்திக்கும் இடம் எது என்பதெல்லாம் சீட்டில் வருகின்றன. அவனுக்கு என்ன வேண்டும் என்ற சீட்டை மட்டும் கட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது இப்போது அச்சில் இருக்கிறது.