வருவாய்த்துறை கைக்குப் போன காவல் நிலையம்

மதராஸ் மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855-ல் அறிக்கை தந்தது. விரல்களை நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாள் எல்லாம் அதில் பதிவாகியுள்ளன. வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் ஒரே கையில் இருந்ததே கொடுமைக்கு வழிவிட்டது என்று உணரப்பட்டது. 1859-ல் போலீசுக்குத் தனிச் சட்டம் வந்தது.

161 ஆண்டுகள் கழித்து அது தலைகீழானது. சாட்சியங்களைக் காக்க, சாத்தான்குளம் காவல் நிலையத்தை வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் எடுக்கும்படி 2020 ஜூனில் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

ஊரடங்கில் கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்ததாகச் சொல்லி ஜூன் 19 அன்று ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் பிடிக்கப்பட்டார்கள். அவர்களே தரையில் உருண்டு காயப்பட்டதாக எழுதியது எஃப்.ஐ.ஆர். அரசு மருத்துவமனை தகுதிச் சான்று தந்தது. நீதிமன்றம் ரிமாண்ட் செய்தது. கோவில்பட்டி கிளைச் சிறை சேர்த்துக்கொண்டது. ஒரு காகிதமும் குறையவில்லை. ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் நிமிர்ந்து அந்த இருவரின் உடம்பைப் பார்த்திருந்தால் போதும். 22 இரவு மகனும், 23 அதிகாலை தந்தையும் இறந்தார்கள்.

விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் பாரதிதாசனையே நிலையத்தில் அவமதித்தார்கள். சிசிடிவி பதிவுகள் தினமும் அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை அவர் கண்டார். தலைமைக் காவலர் ரேவதி பயந்து பயந்துதான் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டார். ஆனாலும் போட்டார். அந்தக் கையெழுத்தில்தான் வழக்கு நிமிர்ந்தது என்பது எங்கள் கருத்து.

இறந்தவர்கள் வணிகர்கள், மாநிலமெங்கும் கடைகள் அடைக்கப்பட்டன. அது நியாயமே, நாங்களும் தெருவில் நின்றோம். ஆனால் இதே மாவட்டத்துக் கொடியன்குளத்தை மறக்க முடியவில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று பட்டப்பகலில் நூற்றுக்கணக்கான போலீசார் அந்தத் தலித் ஊருக்குள் புகுந்து வீடுகளைச் சூறையாடினார்கள். கிணற்றில் விஷம் கலந்ததாகவும், வெளிநாட்டில் உழைத்தவர்களின் பாஸ்போர்ட்டுகளை அழித்ததாகவும் மக்கள் சொன்னார்கள். விசாரணை ஆணையம் வந்தது, நம்பிக்கை வரவில்லை. அன்று எந்தக் காவல் நிலையத்தையும் எவரும் தங்கள் வசம் எடுக்கவில்லை.

அதனால்தான் புகார் கொடுக்கக் கிளம்பும் நம் பெண்களிடம் இன்றும் சொல்லி அனுப்புகிறோம்: தனியாகப் போகாதீர்கள், சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள், அதில் தேதி சரியா என்று அங்கேயே பாருங்கள்.