தோட்ட மருத்துவம் கணக்கில் எடுக்காத தோள்

கொழுந்து பறிக்கும் பெண்ணின் கையைச் சற்றுக் கவனித்தால் ஒன்று தெரியும். கிள்ளிய கொழுந்தைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் எறிந்துதான் கூடைக்குள் போடுவார். மேற்கை எலும்பு தோள்மூட்டை ஒட்டி முறிந்தால் முதலில் போவது இந்த வீச்சுத்தான். மாதவிடாய் நின்று எலும்பு தேய்ந்தவர்களுக்கு மழையில் வழுக்கும் லயக் குடியிருப்பின் வாசற்படியே போதும். முதியோரின் முறிவுகளில் இடுப்புக்கும் மணிக்கட்டுக்கும் அடுத்தது இதுவே. ஆனாலும் இலங்கை மலையகத்தின் அக்கரப்பத்தனை போன்ற இடங்களில் இதை யாரும் ஒரு மருத்துவப் பிரச்சினையாகப் பேசுவதில்லை. தூரமும் வறுமையும் காரணம் என்பார்கள். அதைவிடப் பழைய காரணம் ஒன்று உண்டு: தோட்ட மருத்துவம் உருவானதே காலைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு, ஆள் குறையாமலிருக்கத்தான்.

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பியில் இலைநோய் விழ, அக்கரப்பத்தனை அடங்கிய திம்புளைப் பகுதியும் நாளடைவில் தேயிலைக்கு மாறியது. 1872இலேயே தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று கட்டளைச்சட்டம் வந்துவிட்டது. 1912இல் அது விரிவாக்கப்பட்டது. 1916இல் ராக்பெல்லர் நிறுவனம் கொக்கிப்புழு ஒழிப்பை மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியது. அந்தப் புழுவால் இரத்தம் குறைந்த உடல் மலையேறாது என்பது துரைமாருக்கும் தெரியும். கொள்ளை நோயும் பிரசவ மரணமும் நிறைந்த காலத்தில் முதியவரின் தோளை யார் பார்த்திருக்க முடியும் என்று கேட்கலாம். அன்றைக்கு அது நியாயமான கேள்வி. 1972க்கும் 1975க்கும் இடையில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் போன பிறகும் அதையே சாக்காகச் சொல்ல முடியாது. ஓய்வுபெற்றவருக்குச் சேமலாப நிதி மொத்தமாகக் கிடைக்கிறது, மாத ஓய்வூதியம் கிடையாது. பேர் போடும் செக்ரோலிலிருந்து வெளியேறியவரின் உடல் தோட்டத்தின் கவலையிலிருந்தும் வெளியேறிவிடுகிறது.

இப்படி நொறுங்கும் தோளுக்கு ஒரு வழியான மூட்டு மாற்றுச் சிகிச்சையின் வரலாறும் உழைப்பாளி ஒருவரிடம்தான் தொடங்குகிறது. 1893இல் பாரிஸில் காசநோயால் தோள் கெட்ட 37 வயது ரொட்டி சுடுபவருக்குப் பிளாட்டினமும் ரப்பரும் கொண்ட மூட்டைப் பொருத்தினார் ஜூல் பெயான். கிருமித்தொற்று நீங்காததால் இரண்டு ஆண்டில் அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. நொறுங்கிய எலும்புத் தலைக்குப் பதில் உலோகத் தலை வைப்பதை 1950களில் அமெரிக்காவின் சார்ல்ஸ் நீர் நிலைநாட்டினார். வலி தணிந்தது, ஆனால் கையைத் தூக்கித் திருப்பும் சிறுதசைகள் பற்றியிருந்த எலும்புத் துண்டுகள் முதியோரில் பல வேளை சரியாக ஒட்டாததால் கை உயரவில்லை. 1985இல் பிரான்சின் டிஜோனில் போல் கிராமோன் மூட்டையே தலைகீழாக்கினார்: கிண்ணம் இருந்த தோள்பட்டையில் பந்து, பந்து இருந்த கையெலும்பில் கிண்ணம். சிறுதசைகள் கைவிட்டாலும் தோளைப் போர்த்திய பெருந்தசை கையை உயர்த்திவிடும். வெளிப்பக்கமாகத் திருப்பும் அசைவு பலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. அதாவது கொழுந்தை எறிய வராமல் போகலாம். ஆனால் தலை வாரலாம், ரொட்டி தட்டலாம், பேரப்பிள்ளையை அணைத்துக்கொள்ளலாம். தோட்டக் கணக்கில் இவற்றுக்குப் பெறுமதி இல்லை என்பதே என் வாதத்தின் சாரம்.

இவ்வளவு செலவான சத்திரசிகிச்சை மலைநாட்டுக்கு எதற்கு என்று கேட்பவர் ஒரு வலுவான சான்றைக் காட்டலாம். 2015இல் வெளியான பிரித்தானிய ஆய்வு 250 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து, இடம் விலகிய முறிவுகளிலும் கத்தி வைத்தவருக்கும் வைக்காதவருக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்றது. உண்மை, பெரும்பாலானவர்களுக்குக் கையைக் கழுத்தில் தொங்கவிட்டு, உரிய நாளில் பயிற்சி தொடங்கினாலே போதும். ஆனால் மூட்டே நழுவிய முறிவுகளை அந்த ஆய்வு சேர்க்கவில்லை. யாருக்குக் கத்தி வேண்டாம் என்பதை எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்ல முடியும். பார்க்காமலே விட்டுவிடுவதைச் சிகிச்சை என்று சொல்லலாமா? 2017இல் டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியுடன் 150 கட்டில் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அங்கும் அக்கரப்பத்தனையிலும் நிரந்தர இயன்மருத்துவர் இருக்கிறாரா, ஓய்வுபெற்றவரையும் தோட்ட வாகனம் ஏற்றிச் செல்கிறதா என்று தொழிற்சங்கங்கள் கேட்கட்டும். வீட்டில் பாட்டி விழுந்தால் எண்ணெய் போட்டு உருவாதீர்கள். அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போங்கள்.